டேப்பில் இருந்த ஒரே கோப்பு

திங்கட்கிழமை மாலை வகுப்பில் டேப் டிரைவ் பாடம் நடந்தபோது நான் பாதித் தூக்கத்தில் இருந்தேன். ஆசிரியரும் அப்படித்தான். பகலில் அவருக்கு ஒரு வங்கியின் கணினிப் பிரிவில் வேலை. மாலையில் எங்களுக்கு இயங்குதளப் பாடம். வாக்கியம் முடியும் இடத்திலெல்லாம் அவருக்கு ஒரு கொட்டாவி வரும். அதனால் வகுப்பில் அவர் பெயர் கொட்டாவி சார்.

“டேப் வந்து டிஸ்க் மாதிரி இல்ல,” என்றார். “டிஸ்க்ல நெனச்ச எடத்துக்குத் தாவலாம். டேப்ல வரிசையா ஒண்ணொண்ணாத்தான் கடந்து போகணும். அதை ஓட்டற டிரைவர்ங்கற நிரலோட வேலை என்ன? புரோகிராம் ‘எழுது’ன்னு சொல்றதை டிரைவுக்குப் புரியற கட்டளையா மாத்தி அனுப்பணும். எழுதி முடிச்சு மூடினதும், கோப்பு இத்தோட முடிஞ்சதுன்னு ஒரு குறி போடணும். அப்புறம்…” கொட்டாவி. “ஒரே டிரைவுக்கு ரெண்டு பேர் இருக்கும். ஒரு பேர்ல தெறந்தா, மூடும்போது டேப்பை ஆரம்பத்துக்கே சுத்திக் கொண்டுபோய் விட்டுடும். இன்னொரு பேர்ல தெறந்தா, நின்ன எடத்துலயே நிக்கும். நெறைய பேர் கோட்டை விடறது இங்கதான். சுத்தற பேர்ல மூணு கோப்பை ஒண்ணு பின்னால ஒண்ணா எழுதுவாங்க. ஒவ்வொண்ணும் முந்தினது மேலயே போய் உக்காரும். கடைசியில மூணாவது மட்டும் மிஞ்சும்.”

வகுப்பு சிரித்தது. நானும் சிரித்தேன். சிரித்துக்கொண்டே குறிப்பேட்டில் எழுதினேன். ‘மூன்றாவது மட்டும்’ என்று எழுதும்போது கை நின்றுவிட்டது.

நான் பகலில் வேலை பார்ப்பது ஒரு குடிநீர் ஆய்வகத்தில். சுற்றுவட்டாரக் கிணறுகளிலிருந்து தண்ணீரைப் பாட்டிலில் பிடித்துக்கொண்டுவந்து கொடுப்பார்கள். ஒவ்வொரு பாட்டிலுக்கும் ஓர் எண் போட்டு, அது எந்தக் கிணறு, எந்த நாள் என்று மாதிரிப் பதிவேட்டில் ஏற்றுவோம். ஆய்வு முடிந்ததும் அதன் முடிவு, எண்ணை மட்டும் வைத்து, வேறொரு கோப்பில் ஏறும். ஆக மூன்று கோப்புகள்: கிணறுகளின் பட்டியல், மாதிரிப் பதிவேடு, முடிவுகள். ஆண்டுக் கடைசியில் மூன்றையும் இந்த வரிசையில் ஒரு டேப்பில் எழுதுவோம். இன்னொருவர் அதைப் படித்துச் சரிபார்த்துக் கையெழுத்துப் போடுவார். அதற்குப் பிறகு அந்த ஆண்டின் பதிவேட்டையும் முடிவுகளையும் டிஸ்க்கிலிருந்து நீக்கிவிடுவோம். டிஸ்க் சிறியது, புது ஆண்டுக்கு இடம் வேண்டும்.

எனக்கு முன்னால் இருந்தவர் மூன்று கட்டளைகளையும் ஒவ்வோர் ஆண்டும் கையால் தட்டிக்கொண்டிருந்தாராம். நான் சேர்ந்ததும், எதையும் ஒழுங்காகச் செய்ய வேண்டும் என்ற என் வழக்கப்படி, மூன்றையும் ஒரே நிரலாக எழுதிவைத்தேன். அதைப் பற்றி எனக்குக் கொஞ்சம் பெருமைகூட இருந்தது. அந்த நிரலில் டிரைவை எந்தப் பெயரால் அழைத்தேன் என்பது வகுப்பறையில் உட்கார்ந்திருந்த எனக்கு அச்சடித்ததுபோல் ஞாபகம் வந்தது.

சுற்றும் பெயர்.

போன ஆண்டின் டேப்பை எழுதியது நான். ‘சரிபார்த்தவர்’ என்ற கட்டத்தில் கையெழுத்துப் போட்டவர் என் அண்ணி. பதிவுப் பிரிவுக்கு அவர்தான் பொறுப்பாளர். ஒன்பது வருடம் மற்றவர்களுக்குக் கீழே இருந்து, போன ஆண்டுதான் அந்த நாற்காலிக்கு வந்தார். என்னை அங்கே தற்காலிகமாகச் சேர்த்துவிட்டவரும் அவரே. அந்த டேப் வருகிற வெள்ளிக்கிழமை தேவைப்பட்டது. ஏதோ ஒரு தொழிற்சாலைக் கழிவு பற்றிய விசாரணைக் குழு, போன ஆண்டின் பதிவேட்டையும் முடிவுகளையும் கேட்டிருந்தது. சனிக்கிழமை மேலாளர் என்னைக் கூப்பிட்டு, “டேப்லேர்ந்து எறக்கி வச்சிடு, அவசரம் இல்ல, வெள்ளிக்கிழமைக்குள்ள,” என்று சொல்லியிருந்தார். சரி சார் என்று சொல்லிவிட்டு மறந்தும் போயிருந்தேன்.

வகுப்பு முடிந்து வெளியே வரும்போது சாரிடம் கேட்டேன். “சார், அப்படி மேல மேல எழுதிட்டா பழசு போயே போச்சா?”

“நீ எழுதிட்டியா?” என்றார். தூக்கம் சட்டென்று கலைந்த முகம்.

“சும்மா கேட்டேன் சார்.”

“சும்மா கேக்கறவன் மூஞ்சி இப்படி இருக்காது,” என்றார். “மூணாவது சின்னதா இருந்தா ரெண்டாவதோட வால் டேப்ல மிஞ்சியிருக்கும். ஆனா டிரைவ் அந்தப் பக்கம் போகாது. இங்கதான் தரவு முடிஞ்சதுன்னு ஒரு எடத்துல குறிச்சிருக்கும். அதுக்கு அப்பால அது குருடு.”

செவ்வாய்க்கிழமை காலை எல்லோருக்கும் முன்னால் ஆய்வகத்துக்குப் போனேன். டேப்பைப் போட்டு, சுற்றாத பெயரில் திறந்து, முதல் கோப்பைப் படித்தேன். அது கிணறுகளின் பட்டியலாக இருக்க வேண்டும். திரையில் ஓடியது முடிவுகள்: எண், உப்பு, நைட்ரேட், கடினத்தன்மை. எண், உப்பு, நைட்ரேட், கடினத்தன்மை. ஒரு கிணற்றின் பெயர்கூட இல்லை. அடுத்த கோப்புக்குப் போகச் சொன்னேன். டிரைவ் கொஞ்சம் உறுமிவிட்டு நின்றது. பிழை.

நான் தவறாகப் படித்திருக்கலாம் என்று இன்னொரு முறை செய்தேன். பிறகு மூன்றாவது முறை. ஒவ்வொரு முறையும் என்ன கட்டளை கொடுத்தேன், என்ன பதில் வந்தது என்று எழுதிக்கொண்டேன். எழுதியதால் எதுவும் மாறவில்லை.

கிணறுகளின் பட்டியல் டிஸ்க்கிலேயே இருந்தது, அதற்குப் பழுதில்லை. முடிவுகள் டேப்பில் இருந்தன. இரண்டையும் இணைக்கிற பதிவேடுதான் எங்கும் இல்லை. 3,108ஆம் பாட்டிலில் நைட்ரேட் அளவுக்கு மீறி இருந்தது என்று என்னால் சொல்ல முடியும். அந்தத் தண்ணீரை யார் குடித்தார்கள் என்று சொல்ல முடியாது.

அன்று மதியமும், புதன் மதியமும், வியாழன் மதியமும் சாப்பாட்டு நேரத்தில் நான் டிரைவோடு மல்லுக்கட்டினேன். பதிவேடு பெரியது, முடிவுகள் சிறியது. ஆகவே பதிவேட்டின் பின்பாதி அந்த நாடாவில் எங்கோ இருக்கிறது. முதலில், டிரைவர்தான் என்னைத் தடுக்கிறது என்று நினைத்தேன். டிரைவர் என்பதும் ஒரு நிரல்தானே. அதன் மூலநிரல் எங்கள் வகுப்புக் கணினியில் இருக்கிறது. செவ்வாய் மாலை வகுப்புக்குப் போனபோது அதைப் பக்கம் பக்கமாகப் படித்தேன். ‘ஒரு கோப்பு முன்னே போ’ என்றால் அது டிரைவுக்கு ஆறு பைட் கட்டளை ஒன்றை அனுப்புகிறது. டிரைவ் ‘இதற்குமேல் வெற்று’ என்று பதில் சொல்கிறது. டிரைவர் அதை ஒரு பிழை எண்ணாக மாற்றி என்னிடம் தருகிறது. அவ்வளவுதான். அது யாரையும் தடுக்கவில்லை, எதையும் மறைக்கவில்லை. இந்தப் பக்கம் சொல்வதை அந்தப் பக்கத்துக்கும், அந்தப் பக்கம் சொல்வதை இந்தப் பக்கத்துக்கும் கொண்டுபோய்ச் சேர்க்கிறது.

புதன்கிழமை டிரைவரைத் தாண்டி, கட்டளைகளை நேராக டிரைவுக்கே அனுப்பும் சின்ன நிரல் ஒன்று எழுதினேன். இத்தனையாவது தொகுதிக்குப் போ என்றேன். வெற்று. வியாழக்கிழமை வேறு எண் கொடுத்தேன். வெற்று. அதட்டியும் பார்த்தேன், கெஞ்சியும் பார்த்தேன் என்றுதான் சொல்ல வேண்டும். டிரைவுக்கு உள்ளே பதிந்திருக்கும் மென்பொருளையே மாற்றிப் படிக்கிற ஆட்கள் உலகத்தில் இருக்கிறார்களாம், ஆனால் அதெல்லாம் மாதக்கணக்காகும், அப்போதும் பாதிதான் வரும் என்று கொட்டாவி சார் சொன்னார். என் முன்னால் ஒரு கைக்குள் அடங்குகிற டேப் பெட்டி. அதற்குள் பாதிப் பதிவேடு. அதை விரலால் தடவ முடியும், படிக்க முடியாது.

வியாழக்கிழமை மாலை வகுப்புக்குப் போகவில்லை. வீட்டுக்கு வந்தபோது அண்ணி சமையலறையில் பாத்திரம் தேய்த்துக்கொண்டிருந்தார். அண்ணன் கூடத்தில் தன் மகள் குட்டிக்குச் சட்டை மாட்டிக்கொண்டிருந்தார். குட்டி ஒரு கையை மட்டும் நுழைத்துவிட்டு மறு கையைக் கொடுக்க மறுத்துக்கொண்டிருந்தாள்.

“என்னடா, இன்னைக்கு டிரைவர் கிளாஸ் இல்லையா?” என்றார் அண்ணன். “இத்தனை நாள் படிக்கறே, லைசென்ஸ்தான் குடுக்க மாட்டேங்கறாங்க.”

இந்த ஜோக்கை அவர் வாரத்துக்கு ஒருமுறை சொல்வார். நான் வாரத்துக்கு ஒருமுறை சிரிப்பேன். இன்று சிரிக்காமல் சமையலறைக்குள் போனேன்.

“அண்ணி, போன வருஷத்து டேப்ல பதிவேடு இல்ல.”

“எந்த டேப்ல பாத்தே? பச்சை லேபிள்தான் போன வருஷம்.”

“பச்சை லேபிள்தான். அதுல முடிவுகள் மட்டும்தான் இருக்கு. நான் எழுதின நிரல்ல தப்பு. ஒண்ணு மேல ஒண்ணு எழுதிடுச்சு.”

அவர் தேய்ப்பதை நிறுத்தவில்லை. “திரும்ப எடுக்க முடியாதா?”

“மூணு நாளா பாக்கறேன். முடியல.”

“மூணு நாளாவா?” இப்போது குழாயை மூடினார். “மூணு நாளா தெரியுமா உனக்கு? பக்கத்து மேஜையில உக்காந்துக்கிட்டு, ஒரே பஸ்ல வந்துட்டு, ஒரே தட்டத்துல எடுத்துச் சாப்பிட்டுட்டு… வாயில என்ன வச்சிருந்தே?”

“எப்படியாவது எடுத்துட்டா உங்ககிட்ட சொல்லவே வேண்டாம்னு…”

“சரிபார்த்தவர்னு என் கையெழுத்து இருக்கு தம்பி.”

“தெரியும் அண்ணி.”

“நான் பாக்கல,” என்றார். “பாத்தேன், ஆனா பாக்கல. திரையில ஏதோ வரிசையா ஓடிச்சு. மூணு கோப்பையும் தொறந்து எண்ணணும்னு முறை. நான் எண்ணல.”

அந்த நாள் எனக்கு அவரைவிட நன்றாக ஞாபகம் இருந்தது. குட்டிக்குக் காய்ச்சல் என்று பள்ளியிலிருந்து இரண்டு முறை போன் வந்திருந்தது. அண்ணி பையைத் தோளில் மாட்டிக்கொண்டு நின்றபடியே திரையைப் பார்த்தார். ‘நீங்க கிளம்புங்க அண்ணி, நான் பாத்துக்கறேன், கையெழுத்து மட்டும் போட்டுட்டுப் போங்க’ என்று பேனாவைத் திறந்து நீட்டியவன் நான்.

“டேப் கெட்டுப்போச்சுன்னு சொல்லிடலாமா?” என்றார் அண்ணி. குரல் மிகவும் தணிந்திருந்தது. “டேப் கெட்டுப்போறது உலகத்துல நடக்காததா? யாரும் கேக்க மாட்டாங்க.”

உண்மையைச் சொன்னால், செவ்வாய்க்கிழமையிலிருந்து எனக்கும் அதே யோசனைதான். நாடாவைக் கொஞ்சம் வெளியே இழுத்து ஒரு மடிப்பு மடித்தால் போதும். ஆனால் அந்தப் பெட்டியில் இருக்கும் முடிவுகளும் அதோடு போய்விடும். அதைவிட, எனக்குப் பொய் சொல்ல வராது, காது சிவந்துவிடும். இது நேர்மையா அல்லது கோழைத்தனமா என்று எனக்கு இப்போதும் தெரியவில்லை.

“நான் நாளைக்குத் தனியாப் போய் மேலாளர் சாரைப் பாக்கறேன்,” என்றேன். “நீங்க வர வேண்டாம். நானே பாத்துக்கறேன்.”

“நீ ஒரு தடவை பாத்துக்கிட்டதே போதும்,” என்றார் அண்ணி. குழாயைத் திறந்து மறுபடியும் தேய்க்க ஆரம்பித்தார். தேய்த்துவிட்ட பாத்திரத்தையே திரும்பத் தேய்த்துக்கொண்டிருந்தார்.

வெள்ளிக்கிழமை காலை பஸ்ஸில் அண்ணி ஜன்னல் பக்கம் திரும்பியே வந்தார். மேலாளரின் அறை எங்கள் கட்டடத்தின் கடைசியில், பாட்டில் கழுவும் அறையை ஒட்டி இருக்கிறது. அங்கே எந்நேரமும் குளோரின் வாடை அடிக்கும். மேலாளர் ஓய்வுக்கு ஏழு மாதம் இருக்கிறவர். எதைக் கேட்டாலும் முதலில் கண்ணாடியைக் கழற்றி மேஜைமேல் வைப்பார்.

“எறக்கிட்டியா?” என்றார்.

“இல்ல சார். டேப்ல பதிவேடு இல்ல.”

கண்ணாடியைக் கழற்றினார். “டேப் கெட்டுப்போச்சா?”

பொய்க்கு அவராகவே கதவைத் திறந்துவிட்டார். நுழைந்துவிட வேண்டியதுதான். அண்ணி என் பக்கத்தில் நின்றுகொண்டிருந்தார்; அவர் மூச்சு விடுவது எனக்குக் கேட்டது. ஆமாம் சார் என்று நான் சொல்லியிருந்தால் அவர் ஒன்றும் சொல்லியிருக்க மாட்டார் என்றே நினைக்கிறேன்.

“டேப் நல்லாத்தான் இருக்கு சார்,” என்றேன். “நான் எழுதினதுதான் தப்பு.” சொல்ல ஆரம்பித்ததும் நிறுத்த முடியவில்லை. இரண்டு பெயர்கள், சுற்றுவது, சுற்றாதது, மூன்று கோப்புகள், எல்லாவற்றையும் சொன்னேன். நடுவில் எங்கேயோ மேலாளர் கவனிப்பதை விட்டுவிட்டார் என்று தெரிந்தது.

“அதெல்லாம் எனக்குப் புரியாதுப்பா. சரிபார்த்ததுன்னு கையெழுத்து இருக்கே?”

“என்னோடது சார்,” என்றார் அண்ணி. “நான் சரிபார்க்கல.”

“அன்னைக்கு அவங்களைக் கையெழுத்துப் போடச் சொல்லி அவசரப்படுத்தினது நான்தான் சார். குழந்தைக்கு உடம்பு சரியில்லைன்னு…”

“நீ சும்மா இரு,” என்றார் அண்ணி.

மேலாளர் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். கோபப்படவில்லை. கோபப்பட்டிருந்தால் நன்றாக இருந்திருக்கும். “அவசரப்படுத்தினது நீ. கையெழுத்து அவங்களோடது,” என்றார். “கையெழுத்துன்னு ஒண்ணு எதுக்கு வச்சிருக்கோம்? அவசரப்படுத்தினாலும் போடக் கூடாதுன்னுதானே?” கண்ணாடியை மறுபடி மாட்டிக்கொண்டு கேட்டார்: “வேற எங்கயும் இல்லையா அது?”

“பாட்டிலோட வந்த சீட்டுங்க இருக்கும் சார்,” என்றார் அண்ணி. “கட்டுக் கட்டாக் கட்டி சாமான் அறையில போட்டிருக்கு. பார்த்துப் பார்த்துத் திரும்பவும் ஏத்தணும்.”

“எத்தனை?”

“ஆறாயிரத்து இருநூறு சொச்சம்.”

மேலாளர் விசாரணைக் குழுவுக்கு ஒரு மாதம் கேட்டுக் கடிதம் எழுதச் சொன்னார். கடிதத்தை அண்ணிதான் எழுதினார், இருக்கிறதை இருக்கிறபடி. அதுதான் பொறுப்பாளராக அவர் எழுதிய கடைசிக் கடிதம். திங்கட்கிழமை ஆணை வந்தது. பதிவுப் பிரிவுக்கு வேறொருவர். அண்ணி, தண்ணீர் பாட்டில்களை வாங்கும் ஜன்னலுக்கு. சேர்ந்த முதல் வருடத்தில் அவர் உட்கார்ந்த அதே இடமாம். எனக்கு ஒரு எச்சரிக்கை, எழுத்தில். அவ்வளவுதான். டேப் டிரைவை ஓட்டத் தெரிந்தவன் அங்கே நான் ஒருவன்தான் என்பதால் என்னை அனுப்ப முடியவில்லை என்று பிறகு தெரிந்தது. தப்புச் செய்தவன் நான். இடம் மாறியவர் அவர். இதைப் பல விதமாக யோசித்துப் பார்த்துவிட்டேன். எந்த விதத்திலும் சரியாக வரவில்லை.

நிரலைத் திருத்த எனக்கு ஒரு நிமிடம்கூட ஆகவில்லை. பெயரை மாற்றினேன். எழுதி முடித்ததும் டேப்பை ஆரம்பத்துக்குக் கொண்டுபோய், மூன்று கோப்புகளையும் படித்து, வரிகளை எண்ணிக் காட்டவும் நான்கு வரி சேர்த்தேன்.

வீட்டில் அண்ணி என்னோடு பேசவில்லை. சோறு போடுவார், சட்டை துவைத்தால் மடித்து வைப்பார், பேச மாட்டார். மூன்றாம் நாள் அண்ணன், “என்னடா, ரெண்டு பேரும் மௌன விரதமா? எனக்கும் குட்டிக்கும் போரடிக்குது,” என்றார். அவருக்கு விஷயம் தெரியும். தெரியாததுபோல் இருப்பதுதான் அவருக்குத் தெரிந்த உதவி.

சாமான் அறையில் ஒரு பழைய கணினியை வைத்துக்கொண்டு சீட்டுகளை ஏற்ற ஆரம்பித்தேன். சீட்டைப் பார்த்து, திரையைப் பார்த்து, திரும்பவும் சீட்டைப் பார்த்து: ஒரு மணி நேரத்துக்கு நாற்பதுதான் முடிந்தது. மாலை வகுப்புக்கு ஒரு மாதம் விடுப்புச் சொல்லிவிட்டேன். புதன்கிழமை ஐந்து மணிக்கு, ஜன்னலை மூடிவிட்டு, அண்ணி வந்தார். கையுறை போட்டுப் போட்டு விரல்நுனியெல்லாம் சுருங்கியிருந்தது. ஒரு கட்டின் கயிற்றை அவிழ்த்து, எதிரே இருந்த சாக்குமேல் உட்கார்ந்தார்.

“நாலாயிரத்து நானூத்தி ஒண்ணு,” என்று படித்தார். “கெணறு நூத்திப் பன்னெண்டு. பதினேழாம் தேதி.”

தட்டினேன்.

“படி.”

திரையில் இருந்ததைப் படித்துக் காட்டினேன். தலையசைத்துவிட்டு அடுத்த சீட்டை எடுத்தார். இப்படி ஒன்று, பிறகு ஒன்று. அவர் குரலில் ஏற்றமும் இல்லை, இறக்கமும் இல்லை. நான் தனியாகச் செய்ததைவிட இரண்டு மடங்கு வேகமாகப் போயிற்று. கழுத்து வலித்தது. அவருக்கும் வலித்திருக்கும், ஒரு கையால் பிடரியைப் பிடித்துக்கொண்டே மறு கையால் சீட்டைப் புரட்டினார்.

அந்தக் கட்டின் நடுவில் சில சீட்டுகள் ஒட்டிக்கொண்டிருந்தன. பாட்டில் ஒழுகியிருக்க வேண்டும். அண்ணி நகத்தால் மெல்லப் பிரித்தார். ஒரு சீட்டில் கிணற்று எண் இருந்த இடத்தில் நீலக் கறை மட்டும் இருந்தது. வெளிச்சத்துக்கு எதிரே பிடித்துப் பார்த்தார். பின்பக்கம் திருப்பிப் பார்த்தார். என்னிடம் கொடுத்தார். எனக்கும் தெரியவில்லை.

“முன்னாடி சீட்டு நூத்திப் பதினாறு, பின்னாடி நூத்திப் பதினெட்டு,” என்றேன். “ஒரே ஆள் ஒரே நாள்ல கொண்டுவந்தது. இது நூத்திப் பதினேழாத்தான் இருக்கும் அண்ணி.”

“இருக்கும்,” என்றார்.

“போட்டுடவா?”

சீட்டைத் திரும்ப வாங்கி இன்னொரு முறை பார்த்தார். ஐந்தே முக்கால் ஆகியிருந்தது. குட்டியைப் பள்ளியிலிருந்து அண்ணன் கூட்டிக்கொண்டு போயிருப்பார். அவிழ்க்காத கட்டுகள் சுவரோரம் என் இடுப்பு உயரத்துக்கு இருந்தன.

“போடாதே,” என்றார் அண்ணி. “தெரியலைன்னு போடு.”

தெரியவில்லை என்று தட்டினேன்.

“படி.”

படித்தேன்.